கால் எடுத்த பிறகு, வீட்டிலிருந்தபடியே வீடியோவில் பயிற்சி: எதுவரை முடியும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பாவுக்கு 58 வயது. சர்க்கரையால் பாதத்துப் புண் ஆறாமல், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து 7 வாரம் ஆகிறது. தையல் பிரித்துக் காயமும் ஆறிவிட்டது. வீடு தென்காசிப் பக்கம் ஒரு கிராமம், ஆஸ்பத்திரி மதுரையில். வாரம் இரண்டு முறை கார் வைத்துக் கூட்டிப் போய்வரக் கட்டுப்படியாகவில்லை. வீடியோ காலில் பயிற்சி தருகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். "போனில் பார்த்து ஒருவர் நடக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? இல்லை, பேருக்கு நடக்கிற காரியமா?" என்று மகள் கேட்டிருக்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். கால் எடுத்தவர்களோடு மட்டும் 16 வருடம் வேலை செய்திருக்கிறேன். கடந்த சில வருடங்களாகப் பாதிப் பேரைப் போனில்தான் பார்க்கிறேன். முடியும் என்பதுதான் என் பதில். செயற்கைக்கால் போட்டு முதன்முதலாக எழுந்து நிற்கும் நாட்களுக்கு மட்டும் நேரில் போயே ஆகவேண்டும். அதற்கு முந்தைய வாரங்களும் அதற்குப் பிந்தைய மாதங்களும் உங்கள் வீட்டில்தான் கழியும். அப்பா நன்றாக நடப்பாரா மாட்டாரா என்பதைப் பெரும்பாலும் அந்த வாரங்கள்தான் தீர்மானிக்கின்றன.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒருவர் இருப்பது ஒரு நாளில் முக்கால் மணி நேரம். மீதி நேரம் முழுக்க அவர் எப்படி உட்காருகிறார், எதன்மேல் படுக்கிறார், கட்டு எப்படிக் கட்டுகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் "எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன்" என்பார்கள். பொய் இல்லை, அவர்களுக்கு அது சரியாகத்தான் தெரியும். விருதுநகர்ப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இரண்டு மாதப் பயிற்சிக்குப் பிறகும் இடுப்பு நிமிரவே இல்லை. காரணம் எனக்குப் பிடிபடவில்லை. முதல் வீடியோ காலிலேயே தெரிந்துவிட்டது. அவர் படுத்திருந்தது நார்க்கட்டில். நடுவில் தொட்டில்போலத் தொய்ந்திருந்தது. ராத்திரி முழுக்க இடுப்பு மடங்கிய நிலையில் கிடந்தால், காலையில் செய்கிற 20 நிமிடப் பயிற்சி என்ன செய்யும்? மரப்பலகைக் கட்டிலுக்கு மாற்றிய மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் கட்டில் என் கண்ணில் பட்டிருக்கவே படாது.

ஆகவே முதல் வீடியோ காலில் பயிற்சியை ஆரம்பிக்காதீர்கள். போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். கட்டில், அப்பா பகலில் உட்காரும் நாற்காலி, கக்கூசுக்குப் போகும் வழி, வாசற்படி, கிணற்றடியோ குளியலறையோ எதுவாக இருந்தாலும் அந்த வழுக்கும் தரை. பார்ப்பவர் விஷயம் தெரிந்தவர் என்றால் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார். கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

மடங்கிப்போவதுதான் முதல் எதிரி. முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு முழங்கால் மடங்கி இறுகிவிடும், அதோடு இடுப்பும். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு இடுப்பு முன்பக்கமும் வெளிப்பக்கமும் இழுத்துக்கொள்ளும். இறுகிய மூட்டோடு செயற்கைக்கால் போட்டால், எவ்வளவு விலையுயர்ந்த காலாக இருந்தாலும் குனிந்து நொண்டித்தான் நடக்கவேண்டிவரும். இதற்கு வழிவிடுவது பாசம்தான். எடுத்தது போக மிஞ்சியிருக்கும் மீதிக்கால் வலிக்குமே என்று அடியில் தலையணை வைக்கிறோம். தயவுசெய்து அந்தத் தலையணையை இன்றே எடுத்துவிடுங்கள். நாற்காலியில் உட்காரும்போது மீதிக்கால் தொங்கக்கூடாது. தொடைக்கு அடியில் ஒரு பலகையைச் செருகி, முழங்கால் நீண்டிருக்கும்படி வையுங்கள். தினமும் இரண்டு மூன்று முறை, தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். தலையை நல்ல கால் பக்கம் திருப்பிக்கொள்ளட்டும். இதயம் பலவீனமாக இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ குப்புறப் படுக்கவேண்டாம். மல்லாந்து படுத்து, நல்ல காலின் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மீதிக்காலை மெத்தையில் அழுத்தினாலும் அதே பலன் பெருமளவு கிடைக்கும்.

அப்புறம் கட்டு. மீதிக்காலில் இருக்கிற வீக்கம் வற்றி, அது நல்ல வடிவத்துக்கு வந்தால்தான் செயற்கைக்காலுக்கு அளவெடுக்க முடியும். க்ரேப் பேண்டேஜை (இழுத்தால் நீளும் கட்டுத்துணி) வளையல் மாதிரி வட்டமாகச் சுற்றவே கூடாது. வட்டமாகச் சுற்றினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனி வீங்கும். குறுக்கும் நெடுக்குமாக, 8 போட்டது மாதிரி, நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் கட்டவேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அவிழ்த்துத் தோலைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டவேண்டும். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் காலின் ரத்தக்குழாயிலும் அடைப்பு இருக்கலாம். எவ்வளவு இறுக்கலாம் என்று அறுவை செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுப் போடுவதைக் கற்றுக்கொடுக்க வீடியோ ரொம்பப் பொருத்தம். நான் கட்டிக் காட்டுவதில்லை. நீங்கள் கட்டுங்கள், நான் பார்க்கிறேன் என்பேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டிவிட்டால் வீட்டுக்காரர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள். வீடியோவில் வேறு வழியில்லை, அவர்கள் கைதான் வேலை செய்யவேண்டும். நாலாவது நாள் பார்த்தால் எங்கள் நர்ஸைவிட நன்றாகக் கட்டுவார்கள். கூடவே ஒரு டெய்லர் டேப் வாங்கி, முழங்கால் சிரட்டையின் கீழ் விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே சுற்றளவை வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். அளவு குறைந்துகொண்டே வந்து, இரண்டு வாரம் அப்படியே நின்றால், செயற்கைக்காலுக்கு அச்சு எடுக்கக் கேட்கலாம். அந்த நோட்டு என் கையில் இருந்தால் வீண் பயணம் ஒன்று மிச்சம்.

பயிற்சிகளை இங்கே பட்டியல் போடப் போவதில்லை, அது அப்பாவைப் பார்க்கிறவர் தரவேண்டியது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். எல்லோரும் மீதிக்காலையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். இடது காலும் இரண்டு கைகளும் வலுவாக இல்லாவிட்டால் வாக்கர் பிடித்து நிற்கவே முடியாது. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து கைகளால் ஊன்றி உடம்பைத் தூக்குவதும், இன்னொருவர் பக்கத்தில் நிற்க நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் தினமும் நடக்கட்டும். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர் நடக்க, சாதாரணமாக நடப்பதைவிடச் சுமார் கால் பங்கு சக்தி கூடுதலாகச் செலவாகும். முழங்காலுக்கு மேலே என்றால் பாதிக்கும் அதிகம். ரத்தக்குழாய் நோய் இருந்தால் இன்னும் கூடும். நெஞ்சும் கைகளும் அதற்குத் தயாராக வேண்டும். பயிற்சியின்போது பேச முடிகிறதா என்று பாருங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் ஆரம்பிக்குமுன் சர்க்கரை பார்த்துவிட்டு, பக்கத்தில் குளுக்கோஸோ வெல்லமோ வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லாத காலில் வலிக்கிறது என்று அப்பா சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருக்கலாம், பைத்தியம் என்பார்களோ என்று பலர் மறைப்பார்கள். எடுத்த பாதத்தின் விரல்கள் முறுக்கிக்கொண்ட மாதிரி, எரிகிற மாதிரி, ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். இது கற்பனை இல்லை. பாதம் போனாலும் மூளையில் அந்தப் பாதத்துக்கான இடம் அப்படியே இருக்கிறது. இதற்குக் கண்ணாடியைப் பயன்படுத்தலாம் என்று 1990களில் காட்டியவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். இரண்டு கால்களுக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு கண்ணாடியை, அதன் பிம்பம் காட்டும் பக்கம் நல்ல கால் பக்கம் இருக்கும்படி நிறுத்துகிறோம். கண்ணாடிக்குள் தெரியும் காலைப் பார்த்தபடி நல்ல பாதத்தை மெதுவாக மடக்கி நீட்டினால், போன கால் அசைவதாகக் கண் மூளைக்குச் சொல்கிறது.

2007இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் கால் இழந்தவர்களிடம் நாலு வாரம் இதைச் செய்து பார்த்தார்கள். கண்ணாடியைப் பார்த்துச் செய்த 6 பேருக்கும் வலி குறைந்தது. கண்ணாடியைத் துணியால் மூடிவைத்துச் செய்த 6 பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. சிறிய ஆய்வு, பிற்பாடு வந்த ஆய்வுகள் இந்த அளவுக்கு ஒருமித்துச் சொல்லவில்லை. என் அனுபவத்திலும் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் செலவு ஒரு கண்ணாடிதான். தினமும் 15 நிமிடம். தலை சுற்றினாலோ, வலி கூடினாலோ, பார்த்ததும் அழுகை வந்தாலோ அன்றைக்கு விட்டுவிடுங்கள். அழுகை வருவது உண்டு. எழுந்து போய்விடாமல் பக்கத்தில் இருங்கள். பகல் நேரங்களில் மீதிக்காலை விரலால் தட்டுவது, பஞ்சால், பிறகு துண்டால் தேய்ப்பது என்று தோலைப் பழக்குவதும் உதவும். மருந்து தேவைப்படும் அளவுக்கு வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லத் தயங்கவேண்டாம்.

சரி, போனை எங்கே வைப்பது? இதில்தான் பாதி வீடியோ கால்கள் வீணாகின்றன. கையில் பிடித்துக்கொண்டு காட்டாதீர்கள், படம் ஆடும். உங்கள் கையும் அப்பாவைப் பிடிக்கக் காலியாக இருக்கவேண்டும். இடுப்பு உயரத்தில், ஸ்டூலின்மேல் சொம்பில் சாய்த்து வைத்தால் போதும். அப்பாவிடமிருந்து 8, 10 அடி தள்ளி, தலை முதல் தரை வரை தெரியவேண்டும். வெளிச்சம் போனுக்குப் பின்னாலிருந்து வரட்டும். ஜன்னல் அப்பாவுக்குப் பின்னால் இருந்தால் எங்களுக்குக் கருப்பு உருவம்தான் தெரியும். வேட்டி கட்டியிருந்தால் முழங்கால் தெரியாது, அரைக்கால் சட்டை போடச் சொல்லுங்கள். நின்று செய்கிற பயிற்சியைப் பக்கவாட்டில் ஒருமுறை, முன்னாலிருந்து ஒருமுறை காட்டவேண்டும். உங்கள் ஊரில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்றால் நேரலையோடு மல்லுக்கட்டவேண்டாம். அரை நிமிடப் பதிவாக எடுத்து அனுப்புங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிவதால் சில சமயம் எனக்கு அதுவே வசதி. இந்தப் பதிவுகள் சிகிச்சை தருபவரைத் தவிர வேறு யாருக்கும் போகக்கூடாது, சொந்தக்காரர்கள் குரூப்புக்கும்தான். இதைப் படிக்கும் பெண்களுக்கும் ஒன்று: காலை முழுதாகக் காட்டக் கூச்சமாக இருந்தால் பெண் தெரபிஸ்ட் வேண்டும் என்று கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

போன் கண் மாதிரி. கை வேண்டுமே? அந்தக் கை நீங்கள்தான், அல்லது அம்மா, தம்பி, யாராவது. நின்று செய்கிற எதையும் அப்பா தனியாகச் செய்யக்கூடாது. பக்கத்தில் நிற்பவர் மீதிக்கால் பக்கம், சற்றே பின்னால் நின்று, இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டைப் பிடிக்கவேண்டும். கையைப் பிடித்து இழுப்பது இரண்டு பேரையும் சேர்த்துத் தள்ளும். வீட்டில் பகலில் யாருமே இல்லை என்றால், தெரபிஸ்டிடம் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். உட்கார்ந்தும் படுத்தும் செய்கிற பயிற்சிகளாக அவர் மாற்றித் தருவார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை இங்கே நினைவுபடுத்துகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அடக்கம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து கேளுங்கள். வருபவர் கால் எடுத்தவர்களை அதிகம் பார்க்காதவராக இருக்கலாம், பரவாயில்லை. அவர் வீட்டில் இருக்கும் நேரத்திலேயே மதுரைக்கு வீடியோ கால் போடுங்கள். அங்கிருந்து கண், இங்கே பழகிய கை. நான் பார்த்தவரை இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இனி, போனில் முடியாதவை. மீதிக்காலில் புதிதாகப் புண், சீழ், கெட்ட வாடை, சூடு, காய்ச்சல் என்றால் வீடியோ கால் போட்டுக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாடையையும் சூட்டையும் திரை காட்டாது. நல்ல கால் திடீரென்று வீங்கி வலித்தாலும் அப்படித்தான், ரத்தக்கட்டாக இருக்கலாம். சாக்கெட் பொருத்துவதும் நேரில்தான். சாக்கெட் என்பது மீதிக்கால் உள்ளே உட்காரும் கிண்ணம். உடம்பின் எடை எங்கே இறங்கவேண்டும், எங்கே இறங்கக்கூடாது என்பது கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்கிற வேலை. முதல் சில நாட்கள் இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடப்பதற்கும் பக்கத்தில் ஆள் வேண்டும். வழக்கமாக நான் அந்தச் சமயத்தில் ஒன்றிரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலோ பக்கத்திலோ தங்கச் சொல்வேன். வாரம் இரண்டு முறை கார் என்று மாதக்கணக்கில் செலவழிப்பதற்குப் பதில், அந்தப் பணத்தை இந்த இரண்டு வாரத்துக்கு ஒதுக்குங்கள்.

செயற்கைக்காலுக்குப் பணம் வேண்டுமே என்று கவலைப்படுகிறீர்கள் என்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசமாகச் செயற்கைக்கால் தருகிறார்கள். அடையாள அட்டை வேண்டும், அதற்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கால் தயாராகும் நேரத்தில் அட்டைக்காக அலைந்தால் வாரங்கள் போய்விடும். ஜெய்ப்பூர் கால் முகாம்களும் அவ்வப்போது நடக்கின்றன. 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய பாதம் அது. வெறுங்காலோடு நடக்கவும், வயலில் இறங்கவும், தரையில் குந்தவும் நம்மவர்களுக்கு ஏற்றபடி செய்தார்கள். முகாமில் வாங்கினாலும் பிறகு யார் சரிசெய்து தருவார்கள் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். முதல் வருடத்தில் மீதிக்கால் மெலிந்துகொண்டே போகும், சாக்கெட் கண்டிப்பாகத் தளரும்.

செயற்கைக்கால் வந்து வீடு திரும்பியதும் வீடியோ காலுக்கு மறுபடி வேலை வருகிறது. முதல் நாள் அரை மணி நேரத்துக்கு மேல் போடவேண்டாம். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் படம் எடுத்து அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காலைப் போடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு, முன்பக்க எலும்பின் விளிம்பு, நுனி, இந்த மூன்று இடங்களில்தான் முதலில் தோல் போகும். சர்க்கரைக்காரர்களுக்கு உணர்ச்சி குறைவு, "வலிக்கவில்லை" என்று அப்பா சொன்னாலும் நீங்கள் பார்க்கவேண்டும்.

எடையைச் செயற்கைக்கால்மேல் போடப் பயப்படுவார். எடை பார்க்கும் மெஷின் ஒன்றை அந்தக் காலுக்கு அடியில் வையுங்கள், நல்ல காலுக்கு அடியில் அதே உயரப் பலகை. சுவரோரம் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். 60 கிலோ ஆள் 30 வரவேண்டும், முதல் நாள் 12 காட்டும். எண் ஏறுவதை அவரே பார்க்கும்போது வருகிற தைரியம், நான் நூறு முறை சொன்னாலும் வராது. நடை எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்க, நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், 19 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தவர்கள்தான் திரும்பத் திரும்ப விழுகிறவர்களாக இருந்தார்கள். அந்த எண்ணுக்குக் கீழே வரும்வரை வாக்கரை விட அவசரப்படவேண்டாம். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக்கால் முதலில்.

விழுவது பெரும்பாலும் பயிற்சியின்போது நடப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக எழும்போதுதான். தூக்கக் கலக்கத்தில் மூளை இரண்டு காலும் இருப்பதாகவே நினைத்து இறங்கும். கட்டிலைவிட்டு இறங்கும் பக்கத்தில் வாக்கரைக் குறுக்கே நிறுத்திவையுங்கள், கை அதில் இடிக்கும்போது ஞாபகம் வரும். ஒரு சின்ன விளக்கு எரியட்டும். முடிந்தால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு பாத்திரம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எனக்கு அப்பாவின் இடது பாதத்தைப் பற்றித்தான் அதிகக் கவலை. வலது காலைக் கொண்டுபோன அதே சர்க்கரைதான் அங்கேயும் ஓடுகிறது. இப்போது அது இரண்டு கால் வேலையைச் செய்கிறது. தினமும் ராத்திரி விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம் நீங்கள் பார்க்கவேண்டும், அவருக்குக் கண் மங்கலாக இருக்கலாம். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு). வெந்நீர் ஒத்தடம் கூடாது. ஒவ்வொரு வீடியோ காலிலும் அந்தப் பாதத்தைக் கேமரா முன்னால் காட்டுங்கள், தெரபிஸ்ட் கேட்காவிட்டாலும்.

எத்தனை நாளைக்கு என்றால், செயற்கைக்கால் வருமுன் வாரம் இரண்டு வீடியோ கால்கள், வந்த பிறகு முதல் மாதம் அதே கணக்கு, பிறகு வாரம் ஒன்று, மாதம் ஒன்று என்று குறைத்துக்கொண்டு போவேன். சாக்கெட் தளரத் தளர மீதிக்காலுக்குச் சாக்ஸ் கூட்டிப் போடச் சொல்வார்கள், எத்தனை ப்ளை (சாக்ஸின் தடிமனைச் சொல்லும் அளவு) என்று நோட்டில் எழுதிவையுங்கள். 10 ப்ளை தாண்டியும் கால் உள்ளே மேலும் கீழும் நழுவுகிறது என்றால், போனில் பேசிக்கொண்டிருக்காமல் மதுரைக்கு ஒரு பயணம் போட்டுவிடுங்கள். புது சாக்கெட்டுக்கு அளவெடுக்கவேண்டிய நேரம் அது.